வீட்டு அடித்தளக் குறைபாடுகளின் தொடக்க அறிகுறிகள்

வீட்டு அடித்தளக் குறைபாடு என்பது, கட்டடத்தின் சுமையை நிலத்திற்குக் கடத்தும் அடித்தளம், தன்கீழுள்ள மண்ணின் அசைவினாலோ தன்னுடைய வலுக்குறைவினாலோ அமிழ்வதையும், மேலெழுவதையும், சாய்வதையும் குறிக்கும். அடித்தளம் இலங்கை வழக்கில் அத்திவாரம் என்றும், தமிழ்நாட்டில் அஸ்திவாரம், கடைக்கால் என்றும் வழங்கும். தென்மாவட்டங்களில் அதற்காகக் குழி தோண்டுவதை வானம் தோண்டுதல் என்பர். அடித்தளம் மண்ணுக்குள் மறைந்திருப்பதால், அதன் குறைபாட்டைச் சுவர், கதவு நிலை, தரை, சுற்றுச்சுவர் ஆகியவற்றில் தோன்றும் மாற்றங்களைக் கொண்டே அறிய இயலும். இம்மாற்றங்கள் பெரும்பாலும் பல மாதங்கள் முன்னதாகவே தோன்றிவிடுகின்றன. ஆனால் அவற்றுட் பல, அடித்தளத்தோடு தொடர்பில்லாத வேறு காரணங்களாலும் தோன்றக்கூடியவை. எனவே இரண்டையும் பிரித்தறிவதே இத்துறையில் முதன்மையான வேலையாகும்.

இக்கட்டுரை, திருநெல்வேலி மாநகரின் வண்ணார்பேட்டையையும் அதைச் சூழ்ந்த தாமிரபரணிப் பள்ளத்தாக்கையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வறிகுறிகளை விளக்குகிறது. சென்னையிலுள்ள வண்ணாரப்பேட்டை வேறு.

நிலமும் நீரும்

வண்ணார்பேட்டை, திருநெல்வேலிச் சந்திப்புக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே, தாமிரபரணியின் பாளையங்கோட்டைப் பக்கக் கரையில் அமைந்துள்ளது. 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம் இதன் அருகில் உள்ளது. ஆற்றங்கரை நிலங்களில், ஆறு வெவ்வேறு காலங்களில் கொண்டுவந்து சேர்த்த மணல், வண்டல், களி ஆகியவை அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். ஒரு மனையில் மணல் படுகையும் அடுத்த மனையில் களிமண்ணும் இருப்பது இத்தகைய நிலங்களில் வியப்பன்று. கரையைவிட்டுத் தள்ளிய மேட்டுப்பகுதிகளில் செம்மண்ணும் சரளும், அவற்றின்கீழ்ப் பாறையும் காணப்படும்.

தாமிரபரணிப் பாசனம் அணைக்கட்டுகளையும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களையும் நம்பியது. அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து கோடகன் கால்வாயும், பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாயும், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாயும் பிரிகின்றன. இவற்றால் கார், பிசானம் என இருபோகம் விளைந்த நஞ்சை நிலங்கள் பல இன்று வீட்டுமனைகளாக மாறியுள்ளன. வயலின் மேல்மண் பலகாலம் நீர் தேங்கி இளகிய மண் ஆகும். அதன்மேல் இரண்டு அல்லது மூன்று அடி உயரத்திற்குக் கிடைத்த மண்ணைக் கொட்டி மேடாக்கி விற்பது வழக்கம். அடித்தளம் இக்கொட்டுமண்ணைக் கடந்து இயற்கையான கெட்டி மண்ணை எட்டவில்லையெனில், அவ்வீடு அமிழ்வது பெரும்பாலும் காலத்தைப் பொறுத்த செய்தியே.

இப்பகுதியின் மற்றொரு தனித்தன்மை நீர் வரும் முறை. ஊரில் மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையில் பெய்யும் மழையால் ஆறும் கால்வாயும் ஆனி, ஆடியிலேயே நிறையத் தொடங்கும். ஆகவே கால்வாயை ஒட்டிய வீடுகளின்கீழ் நிலத்தடி நீர் ஏறுவதற்கு ஊரில் மழை பெய்ய வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் கால்வாய் அடைபட்டு வறண்டபின் மண் மீண்டும் சுருங்கத் தொடங்கும். விரிசல் எந்த மாதத்தில் விரிந்தது, எந்த மாதத்தில் மூடியது என்பதைக் குறித்துவைப்பது ஏன் பயன்தரும் என்பது இதிலிருந்து விளங்கும்.

பள்ளத்தாக்கிற்கு வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பகுதிகளில் கரிசல் மண் பரவியுள்ளது. இதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் நீரை உறிஞ்சிப் பெருத்து, உலரும்போது சுருங்கும். மழைக்காலத்தில் வீட்டைத் தூக்கி, கோடையில் இறக்கும் மண் இதுவே. கோடையில் இம்மண்ணில் கைநுழையும் அளவுக்கு வெடிப்புகள் விழுவதைக் காணலாம். ஆழமான கரிசலில் இவ்வசைவு ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்தில்தான் புறக்கணிக்கத்தக்க அளவுக்குக் குறைகிறது. இதற்கென, அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை மண்ணில் இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவில் வளர்த்தெடுத்தது.

சீரான அமிழ்வும் வேறுபட்ட அமிழ்வும்

புதிதாகக் கட்டிய எந்த வீடும் சிறிதளவு அமிழும். வீடு முழுவதும் ஒரே அளவில் அமிழ்ந்தால் சுவருக்குத் தீங்கில்லை. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் இணையும் இடங்களில் மட்டும் தொல்லை வரலாம். மெக்சிகோ நகரின் நுண்கலை மாளிகை பல மீட்டர் அமிழ்ந்தபின்னும் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் வீட்டின் ஒரு பகுதி மற்றதைவிட அதிகமாக அமிழ்ந்தால் சுவர் கிழியும். இது வேறுபட்ட அமிழ்வு எனப்படும்.

வேறுபட்ட அமிழ்வை, இரு இடங்களுக்கிடையேயான அமிழ்வு வேறுபாட்டை அவற்றின் இடைத்தொலைவால் வகுத்துக் கணிப்பர். ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு ஆகியோர் 1956இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்விகிதம் 300இல் ஒரு பங்கை எட்டும்போது சுவர்களில் விரிசல் தோன்றலாம். 150இல் ஒரு பங்கை எட்டும்போது தூண்களும் உத்தரங்களும் பாதிக்கப்படலாம். 3 மீட்டர் அகலமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொண்டால், முதலாவது 10 மி.மீ., இரண்டாவது 20 மி.மீ. ஆகும். ஒரு விரலின் பருமனுக்கும் குறைவான இறக்கம் சுவரைக் கிழிக்கப் போதும் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

விரிசல்களைப் படித்தல்

விரிசல் இருக்கிறதா என்பதைவிட, அது எத்திசையில் செல்கிறது, எம்முனையில் அகலமாக உள்ளது, வளர்கிறதா என்ற மூன்றுமே முக்கியமானவை.

அடித்தள அசைவால் தோன்றும் விரிசல் பெரும்பாலும் சாய்வாகச் செல்லும். சன்னல், கதவு ஆகியவற்றின் மூலைகளே சுவரின் வலுக்குறைந்த இடங்கள் ஆதலால் அங்கிருந்து தொடங்கும். பூச்சில்லாத செங்கற்சுவரில் அது சாந்து இணைப்புகளைப் பின்பற்றிப் படிக்கட்டுப்போல் ஏறும். வீட்டின் ஒரு முனை அமிழும்போது, விரிசல் அமிழும் முனையை நோக்கிச் சாய்ந்து மேலேறும். மேல்பகுதியில் அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். வீட்டின் நடுப்பகுதி அமிழும்போது, இருபுறமிருந்தும் விரிசல்கள் நடுவை நோக்கி ஓட்டுக்கூரையின் சாய்வைப்போல் ஏறும். இவை கீழே அகன்று மேலே குறுகியிருக்கும். எனவே விரிசலின் படத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தால், எந்த மூலையில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அம்மூலையில் ஒரு கழிவுநீர்த் தொட்டியோ, உடைந்த மழைநீர்க் குழாயோ இருப்பது மிகவும் பொதுவானது.

ஒரே விரிசல் சுவரின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஒரே இடத்தில் தெரிந்தால், அது பூச்சைக் கடந்து சுவரை ஊடுருவியுள்ளது என்று பொருள். அது பேஸ்மட்டத்தையும் கடந்து கீழிறங்கினால் அடித்தளத்தின்மீதான ஐயம் உறுதிப்படும். விரிசலின் வயதையும் ஓரளவு அறியலாம். புதிய விரிசலின் விளிம்பு கூர்மையாகவும் உள்ளே தூய்மையாகவும் இருக்கும். உள்ளே பழைய வண்ணப்பூச்சு இறங்கியிருந்தால், அவ்விரிசல் அந்த வண்ணம் அடிப்பதற்கு முன்பே இருந்தது என்பது தெளிவு.

பழைய வீட்டோடு புதிய அறையை ஒட்டிக் கட்டும் வழக்கம் இப்பகுதியில் மிகுதி. பழைய பகுதி கருங்கல் அடித்தளத்தின்மேல் அமர்ந்து, பல ஆண்டுகளுக்கு முன்பே தன் அமிழ்வை முடித்திருக்கும். புதிய பகுதி அப்போதுதான் அமிழத் தொடங்கும். ஆகவே இரண்டும் சேருமிடத்தில் செங்குத்தான, நேரான விரிசல் விழும். அங்கு முன்கூட்டியே ஓர் இடைவெளி விட்டுக் கட்டுவதே முறையாகும். இடைவெளி அழகைக் கெடுக்கிறது என்று சாந்து பூசி மூடுவோர் பலர். அடுத்த ஆண்டே அது மீண்டும் திறந்துகொள்ளும்.

அடித்தளத்தால் வராத விரிசல்கள்

வீட்டில் காணும் விரிசல்களில் பெரும்பகுதி அடித்தளத்தால் வருபவை அல்ல. இந்தியத் தரநிர்ணய அமைவனம், கட்டட விரிசல்களின் காரணங்களையும் தடுப்பையும் பற்றி 1984இல் ஒரு கையேட்டை வெளியிட்டுள்ளது. வெப்பம், ஈரம், கலவையின் சுருக்கம் எனப் பல காரணங்கள் அதில் விளக்கப்பட்டுள்ளன.

மேல்தளத்தில் கூரைக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடும் விரிசல், வெயிலில் கான்கிரீட் கூரை விரிந்து சுருங்குவதால் வருவது. திருநெல்வேலி வெயிலில் இது இல்லாத மொட்டைமாடி வீடு அரிது. தூணுக்கும் செங்கற்சுவருக்கும் இடையே நேர்கோடாக விழும் மெல்லிய கீறல், இருபொருள்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. பூச்சின்மேல் சிலந்திவலைபோல் பரவும் கீறல்கள், போதிய நீராற்றல் இன்றிப் பூச்சு விரைவில் உலர்ந்ததால் வருபவை. தூணில் நெடுக்காக விழுந்து துருக்கறையும் படிந்த விரிசல், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பெருத்ததைக் காட்டும். இது அடித்தளச் சிக்கல் அன்றெனினும் புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

கதவு, தரை, சுற்றுச்சுவர்

சதுரமாக இருந்த நிலை சாய்சதுரமாகும்போது கதவின் மேல்மூலை நிலையில் இடிக்கும். ஆயினும் மழைக்காலத்தில் மரம் ஈரத்தால் பெருத்தும் கதவு இடிக்கும். பங்குனி, சித்திரையில் கதவு தானே சரியானால் குற்றம் மரத்தினுடையது. கோடையிலும் இடித்து, நிலையின் மேல்மூலையிலிருந்து சாய்ந்த விரிசலும் ஏறினால் தச்சரை அழைப்பதற்கு முன் பொறியாளரை அழைப்பது நல்லது. இடிக்கும் இடத்தை இழைப்புளியால் சீவிவிட்டால், அசைவைக் காட்டிக்கொண்டிருந்த ஓர் அடையாளம் மறைந்துவிடும்.

தரை பற்றிய குழப்பம் இன்னும் பெரிது. நம் வீடுகளில் தரை அடித்தளத்தின்மேல் அமர்வதில்லை. பேஸ்மட்டச் சுவர்களுக்குள் கொட்டி நிரப்பிய மண் அல்லது மணலின்மேல் அமர்கிறது. அந்நிரப்பு மண்ணை அடுக்கடுக்காக நீர்விட்டு இடித்துக் கெட்டிக்காவிட்டால் தரை மட்டும் இறங்கும். தரைக்கும் சுவரோரப் பட்டைக்கும் இடையே இடைவெளி தெரிதல், தட்டினால் தரையோடு வெற்றொலி எழுப்புதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சுவரில் சாய்வு விரிசல் இல்லாமல் தரை மட்டும் இறங்கியிருந்தால் அடித்தளம் நன்றாக இருக்க வாய்ப்பு மிகுதி. சீரமைப்புச் செலவும் ஒப்பீட்டளவில் மிகக் குறைவு. கோலிக்குண்டை உருட்டிப் பார்க்கும் சோதனை பலரறிந்தது. ஆனால் திண்ணை, குளியலறை, அடுக்களை ஆகியவற்றில் நீர் வடிவதற்காக வாட்டம் வைத்தே தளமிடுவர் என்பதால் அது பல வேளைகளில் வீண் அச்சத்தையே தரும்.

சுற்றுச்சுவரின் அடித்தளம் வீட்டினுடையதைவிட ஆழம் குறைந்தது. ஆகவே மண்ணின் அசைவு முதலில் அங்குதான் வெளிப்படும். சுற்றுச்சுவர் சாய்தல், வாயிற்கதவின் இரு பக்கங்களும் ஒரே மட்டத்தில் சேராமை, வாசற்படியும் முன்மண்டபமும் வீட்டுச் சுவரிலிருந்து விலகுதல் ஆகியவை கவனிக்கத்தக்கன. கரிசல் நிலத்தில், கோடையில் பேஸ்மட்டத்தை ஒட்டி மண் விலகி ஓர் இடைவெளி தோன்றும். முதல் மழைநீர் நேரே அவ்விடைவெளி வழியாக அடித்தளத்தின் அடிக்கு இறங்கும்.

களிமண் நிலத்தில் வீட்டருகே வளர்ந்த வேம்பு, அரசு, ஆல் போன்ற பெருமரங்கள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி ஒரு மூலையை அமிழச் செய்யலாம். அதேவேளை, பழைய மரத்தைத் திடீரென வெட்டினால் உலர்ந்திருந்த களி மீண்டும் நீரேறிப் பெருத்து அடித்தளத்தைத் தூக்கலாம். இங்கிலாந்தில் 1975-76இல் நிலவிய கடும் வறட்சியில் களிநிலத்து வீடுகள் பெருமளவில் விரிசல் கண்டபின், மரங்களுக்கும் அடித்தளங்களுக்கும் உள்ள தொடர்பு விரிவாக ஆராயப்பட்டது.

வெள்ளத்திற்குப் பின்

தாமிரபரணியில் 1992 நவம்பரிலும், 2023 திசம்பர் 17, 18 நாட்களிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. 2023இல் அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவாகியது. திருநெல்வேலியில் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீரால் சூழப்பட்டது.

வெள்ளம் அடித்தளத்தை மூன்று வகையில் பாதிக்கிறது. ஓடும் நீர் மூலைகளிலும் படிக்கட்டின் அடியிலும் மண்ணை அரித்துக் குழியாக்குகிறது. தேங்கும் நீர், இளகிய நிரப்பு மண்ணை நனைத்து ஒரேயடியாக இறங்கச் செய்கிறது. நீர் விரைந்து வடியும்போது மணலுக்கிடையேயுள்ள நுண்மண்ணையும் இழுத்துச் செல்கிறது. இம்மூன்றாவது உடனே புலப்படாது. வெள்ளம் வடிந்த அன்று நன்றாக இருந்த சுவரில் சில வாரங்கள் கழித்து விரிசல் தோன்றுவது இதனாலேயே. எனவே வெள்ளத்திற்குப் பிந்தைய முதற்பார்வையில் குறையில்லை என்று முடிவுசெய்யாமல், அடுத்த கோடைவரை கவனித்து வருதல் வேண்டும். பேஸ்மட்டத்தை ஒட்டிக் குழி விழுந்திருந்தால், மேலே மண்ணை அள்ளிப்போட்டு மூடுமுன் அது எவ்வளவு தூரம் அடித்தளத்தின் அடியில் செல்கிறது என்று கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும்.

இவ்வூரிலேயே எதிர்மறையான எடுத்துக்காட்டும் உண்டு. ஆற்றுக்குள்ளேயே அமைந்த குறுக்குத்துறை முருகன் கோயில் பெருவெள்ளங்களில் மூழ்கி, நீர் வடிந்தபின் மீண்டும் வெளிப்படுகிறது. பாறையின்மேல் அமர்ந்த கட்டடத்தின் கீழிருந்து அரித்துச்செல்ல வெள்ளத்திற்கு மண் கிடைப்பதில்லை.

அளந்து பார்த்தல்

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடிட்டு, அருகே நாளைக் குறித்துவைப்பது மிக எளிய முறை. விரிசல் நீண்டால் கோட்டைக் கடந்துவிடும். அகலத்தை அறிய, விரிசலின் இருபுறமும் ஆணி அடித்து அவற்றின் இடைத்தொலைவை மாதமொருமுறை வெர்னியர் அளவியால் அளக்கலாம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டி, அது உடைகிறதா என்று பார்ப்பது பழைய முறை. அசைவு உண்டு என்பதைச் சொல்லுமேயன்றி எவ்வளவு என்பதைச் சொல்லாது. குறைந்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளவுகள் எடுக்கப்பட வேண்டும். பருவந்தோறும் திறந்து மூடும் விரிசல், மண் பெருத்துச் சுருங்குவதைக் காட்டும். ஒரு திசையிலேயே வளரும் விரிசல் தொடரும் அமிழ்வைக் காட்டும். வளராத விரிசல் பழைய தழும்பு மட்டுமே.

சுவரின் சாய்வை அறிய மாடியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கலாம். வீட்டின் மூலைகளுக்கிடையேயான உயர வேறுபாட்டை, கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக்குழாயால் அளக்கலாம். நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதே இதன் அடிப்படை. கட்டும்போதே சில மில்லிமீட்டர் பிழை இருந்திருக்கக்கூடும் என்பதால், ஒருமுறை எடுத்த அளவைவிட ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரு அளவுகளின் வேறுபாடே நம்பத்தக்கது.

விரிசலின் கடுமையை மதிப்பிட, பர்லாண்டு முதலியோர் 1977இல் முன்வைத்த வகைப்பாடு உலகெங்கும் பயன்படுகிறது. 0.1 மி.மீ.க்குக் குறைந்தவை பொருட்படுத்த வேண்டாதவை. 1 மி.மீ. வரையுள்ளவை வண்ணம் அடிக்கும்போது சரிசெய்யத்தக்கவை. 5 மி.மீ. வரையுள்ளவற்றை நிரப்பலாம், கதவுகள் சிறிது இடிக்கலாம். 5 முதல் 15 மி.மீ. வரை சுவரின் சில பகுதிகளைப் பிரித்துக் கட்ட நேரலாம். 15 முதல் 25 மி.மீ. வரை கடுமையானது. 25 மி.மீ.க்கு மேல் கட்டடத்தின் நிலைப்புக்கே இடர் உண்டு. இவ்வகைப்பாடு சீரமைப்பின் எளிமையை அடிப்படையாகக் கொண்டதேயன்றி, காரணத்தைக் கூறுவதன்று, 2 மி.மீ. விரிசலாயினும் மாதந்தோறும் வளர்ந்தால் அது 10 மி.மீ. பழைய விரிசலைவிடக் கவலைக்குரியது. விரிசல் திடீரென அகலுதல், தூணில் சாய்வான வெடிப்பு, உத்தரம் சுவரிலிருந்து நழுவுதல், சுவரிலிருந்து ஓசை எழுதல் ஆகியவற்றுள் ஏதேனும் காணப்பட்டால், அளந்துகொண்டிராமல் வீட்டைவிட்டு வெளியேறுவதே முறை.

சீரமைப்பு

பெரும்பாலான வேளைகளில் முதல் மருந்து நீரை விலக்குவதாகும். மாடியிலிருந்து விழும் மழைநீரைக் குழாய்வழி வீட்டைவிட்டுத் தள்ளி விடுதல், கசியும் தொட்டியையும் கழிவுநீர்க் குழாயையும் சரிசெய்தல், பேஸ்மட்டத்தைச் சுற்றி வெளிநோக்கிச் சாய்ந்த கான்கிரீட் தளம் அமைத்தல் ஆகியவை அதிகச் செலவில்லாதவை. இவற்றைச் செய்தபின் விரிசல் நின்றுவிடுவது உண்டு.

அசைவு நிற்குமுன் விரிசலைச் சிமெந்தால் இறுக நிரப்பக்கூடாது. கோடையில் திறந்திருக்கும்போது நிரப்பிவிட்டால், மழைக்காலத்தில் சுவர் பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் அருகிலேயே புதிதாகக் கிழியும். ஒரே சுவரில் இணையாக இரண்டு மூன்று பூச்சுத் தழும்புகள் காணப்படுவது பெரும்பாலும் இவ்வாறு வந்ததே.

அமிழ்வு தொடர்ந்தால், பழைய அடித்தளத்தின்கீழ் கெட்டி மண்வரை தோண்டிப் புதிய அடித்தளம் அமைக்க நேரும். இதை ஒன்றுவிட்டு ஒன்றாக, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள சிறு பகுதிகளாகவே செய்ய வேண்டும். முழுச் சுவரின் அடியையும் ஒரே நேரத்தில் தோண்டினால் சுவர் இடிந்து விழும். இது மண் ஆய்வுக்குப் பின் குடிசார் பொறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யத்தக்கது. வலுவூட்டுவது மட்டுமே தீர்வு என்பதும் இல்லை. மேலே குறிப்பிட்ட பர்லாண்டு இடம்பெற்ற குழு, பீசா சாய்கோபுரத்தின் உயர்ந்த பக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றியே அதன் சாய்வைக் குறைத்தது. அப்பணிகளுக்காக 1990இல் மூடப்பட்ட கோபுரம் 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது.

வீடு அல்லது மனை வாங்குமுன்

புதிதாக வண்ணம் அடித்த பழைய வீட்டில் விரிசல்களைக் காண்பது கடினம். அப்போது படிக்கட்டின் அடி, அலமாரியின் உட்புறம், தண்ணீர்த்தொட்டியின் பின்புறம், சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் ஆகிய, வண்ணம் எட்டாத இடங்களைப் பார்க்க வேண்டும். அண்டை வீடுகளின் சுவர்களும் அதே மண்ணின்மேல் நிற்பவை ஆதலால் அவையும் சான்றாகும்.

மனையாயின், மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் பார்ப்பதும், ஒரு மூலையில் ஒன்றரை மீட்டர் ஆழத்திற்குக் குழி தோண்டிப் பார்ப்பதும் நலம். குழியின் பக்கச்சுவரில் செங்கல் துண்டு, நெகிழிப் பை, சாம்பல் ஆகியவை தென்படும் ஆழம்வரை அது கொட்டுமண். நிலம் முன்பு நஞ்சையாக இருந்ததா, புஞ்சையா என்பதை வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் காணலாம். குளம், ஓடை, வாய்க்கால் ஆகியன புறம்போக்காக அதே பதிவேட்டில் தனிப் புல எண்களோடு குறிக்கப்பட்டிருக்கும். மனையை ஒட்டிய எண்களையும் சேர்த்துப் பார்த்தால் நீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது தெரியும்.